இலை வண்டி ‘இல்லை வண்டி’ ஆகாமல் இருக்க: தொடுதிரையில் பிழையில்லாமல் தமிழ் அடிக்க முழு வழிகாட்டி

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம், கோத்தகிரி பக்கம், பறித்த தேயிலையை எடை போடும் எங்கள் ஊர் இலைக் கொட்டகைக்கு வெளியே தூறலில் நின்றபடி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன். அடிக்க நினைத்தது “நாளை 4 மணிக்கு இலை வண்டி”. போய்ச் சேர்ந்தது “நாளை 4 மணிக்கு இல்லை வண்டி”. நான் கவனிக்கவில்லை, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மறுநாள் பத்து மணி வாக்கில் ஒரு அக்கா கூப்பிட்டார்.

“ஏன் தம்பி, வண்டி இல்லைன்னு நீதான போட்ட? இலை எடுக்க வர்ற பொம்பளைங்களை நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டேன். இப்ப வண்டி வருதுங்கறாங்க, நான் யாரைப் போய்க் கூப்பிடறது?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவரைப் போல இன்னும் சிலர். ஒரு ‘ல்’ செய்த வேலை. போனைத் திட்டி, கீபோர்டைத் திட்டி, கடைசியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது, பிழை எங்கே நடக்கிறது என்றே தெரியாமல் இத்தனை வருடம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இலைக் கணக்கு, எடை, பணம் வந்த தகவல், உரம் வந்த தகவல் என்று நாள் முழுக்கப் போனில் தமிழ் அடிப்பவன் நான். அதனால் கற்றுக்கொண்டதை அப்படியே வரிசையாக எழுதுகிறேன். வேகமாக அடிப்பது எப்படி என்று இதில் இருக்காது. பிழை குறைந்தால் வேகம் தானாக வரும், ஏனென்றால் நம் நேரத்தில் பெரும்பகுதி அழித்து அழித்து எழுதுவதில்தான் போகிறது.

முதல் வேலை: உங்கள் பிழையைப் பிடியுங்கள்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்து, பிழையான இருபது சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே நீங்கள் அடிக்க நினைத்த சொல்லையும் எழுதுங்கள். இருபதும் ஒரே மாதிரி இருக்காது, பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கிவிடும்.

பக்கத்து எழுத்து விழுந்திருந்தால் அது விரல் பிழை. ஒரே எழுத்து இரண்டு முறை விழுந்திருந்தாலோ, அடித்த எழுத்து விழாமலே போயிருந்தாலோ அது திரைப் பிழை. நீங்கள் அடித்தது சரி, ஆனால் வேறு முழுச்சொல் வந்து உட்கார்ந்திருந்தால் அது கீபோர்டின் ஊகம். நான்காவது கொஞ்சம் வெட்கப்பட வைக்கும் வகை: ண, ன, ந தடுமாற்றம், ல, ள, ழ தடுமாற்றம். அது கையில் இல்லை, எழுத்துப் பழக்கத்தில் இருக்கிறது.

எனக்கு இருபதில் ஒன்பது திரைப் பிழை. நான் நினைத்துக்கொண்டிருந்ததோ கட்டைவிரல் பெரிது என்று! பெரிய விரல் என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் இந்தத் தாளை எழுதிப் பாருங்கள்.

அந்த ‘இல்லை’ எப்படி வந்தது

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பாதிப் பாடம் இதிலேயே இருக்கிறது. நான் பயன்படுத்துவது தமிழ்99 விசைப்பலகை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், மொத்தம் 31 விசைகளில் தமிழ் முழுக்க வந்துவிடும். அதன் அழகே தானாகப் புள்ளி வைப்பதுதான். ஒரே மெய்யெழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். க, க என்று தட்டினால் ‘க்க’. ங அடித்து க அடித்தால் ‘ங்க’, ந அடித்து த அடித்தால் ‘ந்த’.

இப்போது பாருங்கள். ‘இலை’ என்பது இ, ல, ஐ என மூன்று தட்டு. ‘இல்லை’ என்பது இ, ல, ல, ஐ என நான்கு தட்டு. ஈர விரலில் ‘ல’ ஒருமுறை பட்டு, வழுக்கி, மறுபடி பட்டால் போதும். நடுவில் புள்ளியும் அதுவே வைத்து, எழுத்துப்பிழையே இல்லாத ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைக் கொடுத்துவிடும். கோடு போட்டுக் காட்டாது, எச்சரிக்காது. ‘கடை’ கட்டை ஆகும், ‘படி’ பட்டி ஆகும், ‘குடி’ குட்டி ஆகும்.

இதற்குத் தீர்வு போனுக்குள்ளேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஐபோனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டச், டச் அக்காமடேஷன்ஸ் என்று போனால் ‘இக்னோர் ரிப்பீட்’ என்று ஒன்று இருக்கும். சாம்சங் போன்களில் அக்சஸிபிலிட்டிக்குள் தொடுதல் சம்பந்தப்பட்ட பகுதியில் ‘இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ்’ இருக்கும். மிகக் குறுகிய நேரத்துக்குள் விழும் இரண்டாவது தொடுதலைக் கணக்கில் எடுக்காதே என்று பொருள். ஆனால் அளவைக் குறைவாகவே வையுங்கள், கூட்டி வைத்தால் நீங்கள் நிஜமாகவே ‘ல்ல’ அடிக்கும்போதும் ஒரு ‘ல’வைத் தின்றுவிடும். மிகச் சிறிய அளவில் தொடங்கி, ‘பள்ளம்’, ‘இல்லை’, ‘பட்டி’ மூன்றையும் உங்கள் வழக்கமான வேகத்தில் அடித்துப் பார்த்துக் கூட்டுங்கள்.

விரலும் குளிரும்

நம் போன் திரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரல் பட்ட இடத்தில் மின்தேக்கத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைத்தான் உணர்கிறது. அதனால் ஓங்கிக் குத்துவதில் பலன் இல்லை. தண்ணீரும் மின்சாரத்துக்கு ஒத்துப்போகும் பொருள் என்பதால் திரையில் ஒரு துளி நின்றாலும் அதையும் விரல் என்று நினைத்துக் குழம்பும். மாறாக, காய்ந்து காய்ப்பேறிய விரலும் கம்பளிக் கையுறையும் அதற்குச் சரியாகத் தெரியாது. மலையில் இந்த இரண்டு தொல்லையும் ஒரே நாளில் வரும்: காலையில் விறைத்த விரல், மத்தியானத்துக்கு மேல் மூடுபனியில் நனைந்த திரை. இலை எடுக்கிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, விரல் நுனியில் கறை ஏறித் தோல் தடித்துப் போயிருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு பழைய பருத்தித் துணியைப் பையில் வைத்திருங்கள், பாலியஸ்டர் சட்டை நுனியில் துடைத்தால் ஈரம் பரவத்தான் செய்யும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, நகத்தின் நுனியால் கொத்தாமல் விரலின் சதைப் பகுதியை வைத்து அடியுங்கள். திரை மேல் தடித்த கண்ணாடி ஒட்டியிருந்தால், டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘டச் சென்சிடிவிட்டி’ என்று இருக்கிறதா பாருங்கள், சில போன்களில் உண்டு, அதைப் போட்டால் நன்றாகவே வித்தியாசம் தெரியும். மழை நாளில் மட்டும் அதை அணைத்துவிடுங்கள், துளிக்கும் சேர்த்து உணர்வு கூடிவிடும்.

கையுறை வேண்டுமென்றால் விரல் நுனியில் மின்கடத்தும் நூல் வைத்துத் தைத்தது என்று கேட்டு வாங்குங்கள். ஊட்டியில் திபெத்தியர் மார்க்கெட்டில் கேட்டால் கிடைக்கலாம், ஆனால் கடையிலேயே உங்கள் போனில் நாலு வரி அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நான் விரல் நுனி வெட்டிய சாதாரணக் கையுறையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒன்று கூட: சார்ஜ் ஏறும்போது மட்டும் எழுத்துகள் தாமாக விழுந்தால் கீபோர்டைக் குறை சொல்லாதீர்கள். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் திரையைக் குழப்பும். வயரைக் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள்.

பக்கத்து எழுத்து விழுகிறதா?

நோட்ஸ் செயலியைத் திறந்து ‘ல’ என்ற ஒரே எழுத்தை, ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துவிட்டு, இருபது முறை அடியுங்கள். இடையிடையே ‘ர’ விழுந்தால் நீங்கள் வலப்பக்கமாகச் சாய்கிறீர்கள், தமிழ்99-ல் ல-வுக்கு வலப்பக்கம் ர இருக்கிறது. ஸ்பேஸ் விழுந்தால் கீழே போகிறீர்கள். பெரும்பாலோர் கீழேதான் போவார்கள். காரணம் உண்டு: நாம் குறி பார்ப்பது நகத்தை வைத்து, திரையில் படுவது அதற்குக் கீழே உள்ள சதை. கீபோர்டு செய்தவர்களும் இதை அறிந்து உள்ளேயே கொஞ்சம் சரிசெய்து வைத்திருப்பார்கள், ஆனால் போனைப் படுக்கவைத்தோ சாய்த்தோ பிடித்தால் அந்தக் கணக்கு தவறிவிடும்.

அதனால் முதலில் உயரம். ஜிபோர்டில் (கூகுளின் கீபோர்டு செயலி) ‘பிரிஃபரன்சஸ்’ போய் ‘கீபோர்டு ஹைட்’ என்பதை ஒரு படி கூட்டுங்கள். தமிழ் எழுத்துப் பலகையில் ஆங்கிலத்தைவிட விசைகள் அதிகம், ஒவ்வொன்றும் குறுகல், அதனால் இந்த ஒரே மாற்றம் மற்ற எதையும்விட அதிகம் உதவும். செய்தி தெரியும் இடம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ‘பாப்அப் ஆன் கீபிரஸ்’ போட்டு வையுங்கள், அடித்த எழுத்து விரலுக்கு மேலே பெரிதாகத் தெரியும். அதிர்வும் லேசாக இருக்கட்டும். ஒரு தட்டுக்கு இரண்டு அதிர்வு வந்தால் இரட்டை எழுத்து விழுந்துவிட்டது என்று கண்ணுக்கு முன் கைக்குத் தெரிந்துவிடும். எனக்கு இதுவும் பெரிய உதவி.

அப்புறம் பிடிக்கும் விதம். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன் என்றால் ‘ஒன் ஹேண்டட் மோடு’ போட்டுப் பலகையைக் கட்டைவிரல் பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முடிந்தபோதெல்லாம் இடது உள்ளங்கையில் போனை வைத்து வலது ஆள்காட்டி விரலால் அடியுங்கள். பார்க்க வயசானவர் அடிப்பது போல இருக்கும், பிழை குறையும்.

எந்த முறையில் அடிப்பது?

சண்டை வரக்கூடிய இடம் இது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் முறை பழகச் சுலபம், ஆனால் நான்காவது வகைப் பிழைகள் அங்கேதான் முளைக்கின்றன. மலை, மழை இரண்டையும் பலர் ஒரே மாதிரிதான் அடிக்கிறோம், எது என்று கீபோர்டு ஊகிக்கிறது. ‘நாளை பனி அதிகம்’, ‘நாளை பணி அதிகம்’ இரண்டுமே பிழையில்லாத வாக்கியம், மார்கழியில் ஊட்டியில் இரண்டுமே உண்மையும்கூட. எந்த அகராதியும் அதைப் பிடிக்காது.

இந்த முறையை விட மனமில்லை என்றால் ஊகத்துக்கு விடாமல் எழுத்தைக் குறிப்பிட்டு அடிக்கும் வகைக்கு மாறுங்கள். அஞ்சல் முறை அப்படி. சிறிய ‘என்’ அடித்தால் ன, பெரிய ‘என்’ அடித்தால் ண, ‘இசட்’ அடித்தால் ழ, பெரிய ‘எல்’ அடித்தால் ள என்று ஒவ்வொன்றுக்கும் தனி விசை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உண்டு. ஐபோனில் இந்த இரண்டும் கூடவே வருகின்றன, தனியாக எதையும் இறக்க வேண்டாம். ஜிபோர்டில் தமிழ் எழுத்துப் பலகையும் ஆங்கில எழுத்து வழியும் இருக்கின்றன, கையால் எழுதினால் எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது. எங்கள் பெரியப்பா கடைசியாகச் சொன்ன அந்த வசதியில்தான் எழுதுகிறார், பிழை என்னைவிடக் குறைவு.

என் பேச்சைக் கேட்டால் தமிழ்99. இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடு வரிசையின் வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய என்று நாம் அதிகம் புழங்கும் மெய்கள், இடப்பக்கம் உயிர்கள். ஒரு நுணுக்கம் மட்டும் மறக்கக் கூடாது: தானாகப் புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் ‘அ’ தட்ட வேண்டும். ‘வண்டி ஓடட்டும்’ என்று எழுத ஓ, ட, அ, ட, ட, உ, ம, புள்ளி. அந்த ‘அ’வை விட்டால் ‘ஓட்டடும்’ என்று வந்து நிற்கும்.

ஊகத்தை அடக்குவது

தமிழில் ஒரு சொல்லுக்கு எத்தனை வால் முளைக்கும் என்று யோசியுங்கள். தோட்டம், தோட்டத்தில், தோட்டத்திலிருந்து, தோட்டத்துக்காரரிடம்தான்… இத்தனையையும் ஒரு அகராதியில் அடைக்க முடியாது. அதனால் தெரியாத வடிவத்தைக் கண்டதும் கீபோர்டு தெரிந்த பக்கத்துச் சொல்லை எடுத்து மாட்டிவிடும். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதை எங்கள் பக்கம் கவாத்து என்போம், அதை அடித்தால் என்னென்னவோ வரும். ஊர்ப்பெயர்கள் இன்னும் மோசம்: கட்டபெட்டு, கூக்கல்தொரை, ஜக்கனாரை எல்லாம் அதற்கு வாயில் நுழையாது.

ஜிபோர்டில் ‘டெக்ஸ்ட் கரெக்ஷன்’ போய் ஆட்டோ கரெக்ஷனை அணையுங்கள். பரிந்துரைப் பட்டை இருக்கட்டும், அது கேட்டுத்தான் மாற்றும். பிறகு ‘டிக்ஷனரி’ போய், நீங்கள் தினமும் எழுதும் ஊர், ஆட்கள், தொழில் சொற்கள் ஒரு முப்பதை நீங்களே சேருங்கள். ஒரு மாலை நேர வேலைதான். அதிலேயே குறுக்குவழியும் வைக்கலாம், ‘எபோ’ என்று அடித்தால் ‘எடை போட்டாச்சு, சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று முழு வரி வரும்படி. ஐபோனில் இதன் பெயர் ‘டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்’, ஜெனரல், கீபோர்டு என்று போனால் கிடைக்கும்.

முன்பு பிழையாக அடித்ததையும் கீபோர்டு கற்றுக்கொண்டிருக்கும். ஜிபோர்டில் பட்டையில் அந்தத் தவறான சொல் தலைகாட்டும்போது அதை அழுத்திப் பிடித்து மேலே வரும் குப்பைத்தொட்டியில் போடுங்கள். நான் குன்னூருக்குப் பதிலாக வரும் ‘குண்ணூர்’ என்பதை மூன்று முறை குப்பையில் போட்டிருக்கிறேன்.

அழிக்கும்போது செய்யும் தவறு

‘லை’ அடிக்க வேண்டிய இடத்தில் ‘லே’ விழுந்தால் பலர் முழுச் சொல்லையும் அழிக்கிறார்கள். வேண்டாம். ஒருங்குறியில் (யூனிகோட்) ‘லே’ என்பது ல ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என இரண்டு துண்டு. ஆண்ட்ராய்டில் பேக்ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டினால் குறி மட்டும் போய் ‘ல’ நிற்கும், மேலே ஐ அடித்தால் முடிந்தது. இது தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டி மெய்யையும் அழித்துவிட்டு, அவசரத்தில் மறுபடி அடித்து இன்னொரு பிழை செய்வதுதான் வழக்கம்.

நடுவில் உள்ள எழுத்தைத் திருத்த, சொல்லின் மேல் விரலை வைத்துக் குறி பார்க்காதீர்கள். ஜிபோர்டில் ஸ்பேஸ் பார் மேல் விரலை இடமும் வலமும் இழுத்தால் கர்சர் எழுத்து எழுத்தாக நகரும். ஐபோனில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தபின் இழுக்க வேண்டும். ஈரத் திரையில் இது தெய்வம்.

எண்கள்

சொல்லில் பிழை வந்தால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். 48 கிலோ 84 ஆனால் யாரும் ஊகிக்க முடியாது. ‘நம்பர் ரோ’வை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள், பலகை மாற்றி மாற்றி அடிக்கும்போதுதான் எண் புரளும். நான் எடைப் பட்டியல் அனுப்பினால் கடைசி வரியில் மொத்தமும் போடுவேன், அதுவும் எடைச் சீட்டிலிருந்து பார்த்து, போனில் அடித்ததைக் கூட்டி அல்ல. 48, 31, 56 மூன்றுக்கும் கீழே 135 என்று இருந்தால், எங்கோ 84 விழுந்திருப்பதை வாங்குகிறவரே கண்டுபிடித்துவிடுவார்.

பஸ்ஸில்

கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது அடிக்காதீர்கள், வாந்தியும் வரும் பிழையும் வரும். அவசரம் என்றால் குரல் தட்டச்சு. ஆனால் சிக்னல் போகும் வளைவில் பாதியில் நின்றுவிடும், என்ஜின் சத்தத்தில் ஊர்ப்பெயரைக் கொல்லும், எண்ணைக் கட்டாயம் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டில் அமைதியான இடத்தில் என்றால் நீளமான செய்திக்கு நன்றாகவே உதவுகிறது.

பயிற்சி

தினமும் பத்து நிமிடம், பதினைந்து நாள். உங்கள் தாளில் எழுதிய அந்த இருபது சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் கிடைக்கும் பொதுப் பயிற்சி வேண்டாம். இரட்டை விழும் ஆளாக இருந்தால் இலை இல்லை, கடை கட்டை, குடி குட்டி என்று மாறி மாறி அடியுங்கள். ணகர னகரத்தில் தடுமாறுகிறவர் பனி பணி, மனம் மணம், ஆனி ஆணி. முதல் வாரம் வேண்டுமென்றே மெதுவாக, ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு என்கிற மாதிரி. பேக்ஸ்பேஸைத் தொடாமல் ஒரு முழு வரி அடிக்க முடிகிற வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். பதினைந்தாம் நாள் திரும்பவும் பழைய செய்திகளிலிருந்து இருபது பிழையைத் தேடிப் பாருங்கள். எனக்கு ஏழுக்கு மேல் கிடைக்கவில்லை, அதில் நான்கு மழையில் நின்று அடித்தவை.

அனுப்பும் முன் படிக்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் எப்படி என்றும் சொல்கிறேன். எழுதியவன் கண் தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும். அதனால் வாய்விட்டு, கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் படியுங்கள். “வண்டி, இல்லை, மணிக்கு, 4” என்று படித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

அந்த அக்காவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “அது கெடக்குது தம்பி, அந்தச் சொல்லையே மாத்திப் போடு” என்றார். சரியான யோசனை, எனக்கு வராமல் போயிற்று. இப்போது குழுவில் ‘இலை வண்டி’ என்று நான் எழுதுவதே இல்லை. “நாளை லாரி வரும், மாலை 4” என்று போடுகிறேன். அதில் எந்த எழுத்து இரட்டித்தாலும் வராது என்று ஆகாது.